லோடு வண்டியில் மைக் செட்: எர்த்தும் ஒயரிங்கும் சரியாக இருக்கிறதா?



ஒரு காலத்தில் சரக்கு எடுக்க மாட்டு வண்டியையும் வாடகை லாரியையும் நம்பியிருந்தோம். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ், 2011-ஆம் ஆண்டு அசோக் லேலண்ட் தோஸ்த் என்று சிறிய வண்டிகள் வரிசையாக வந்த பிறகு, நடுத்தர மளிகைக் கடைக்காரரும் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துக்கொள்ள முடிகிறது. காலையில் மண்டிக்குப் போய் வரும் வண்டி, மாலையில் தெருத் தெருவாகச் செல்லும் கடையாகி விடுகிறது. வெங்காயம், பூண்டு, தேங்காய், உப்பு என்று எதை விற்றாலும் கூரை மேல் ஒரு குழாய் ஒலிபெருக்கி, உள்ளே ஒரு ஆம்ப்ளிபயர், பதிவு செய்த குரலுக்கு ஒரு பென் டிரைவ் என்று ஆகிவிட்டது. விழுப்புரம், திண்டிவனம் தெருக்களில் இந்தக் குரலைக் கேட்காத நாளில்லை.

இந்த மைக் செட்டைப் பொருத்த நாம் ஒதுக்கும் நேரம் அரை மணி. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் சத்தம் வருகிறது. சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று வண்டியை எடுத்து விடுகிறோம். ஆனால் அந்த இரண்டு ஒயரை நம்பித்தான் வண்டியும், சரக்கும், ஓட்டுகிற பையனின் உயிரும் இருக்கின்றன. சாக்கு, தீப்பெட்டி, சூடம், எண்ணெய் டின் ஏற்றுகிற வண்டிக்கு ஒரு பொறி போதும்.

அடியேன் எலக்ட்ரீஷியன் அல்லன், மொத்த வியாபாரி. பல ஆண்டுகள் வண்டி வைத்து ஓட்டியதிலும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வாசலில் காத்திருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் நமது உறுப்பினர்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கடை எர்த் வேறு, வண்டி எர்த் வேறு

நமது கடையில் எர்த் என்றால் பள்ளம் தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பது. பிரிட்ஜிலோ மாவு அரைக்கும் மெஷினிலோ மின்சாரம் கசிந்தால் அது பூமிக்குப் போய்விடும். ஆளுக்கு ஷாக் அடிக்காது.

வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. அதற்கும் பூமிக்கும் தொடர்பே இல்லை. வண்டியில் எர்த் என்று சொல்வது, பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சேஸிஸ் இரும்போடு இணைத்திருப்பதைத்தான். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் கரண்ட் விளக்குக்கும் ஹாரனுக்கும் மைக் செட்டுக்கும் போய், வேலை செய்துவிட்டு, சேஸிஸ் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. இரண்டாவது ஒயருக்குப் பதிலாக வண்டியின் உடம்பே ஒயராக இருக்கிறது. அதனால்தான் இதைப் பாடி எர்த் என்கிறார்கள்.

நம் வியாபாரத்திலேயே இதற்கு உவமை இருக்கிறது. சரக்கு வெளியே போவது மட்டும் வியாபாரமாகாது. வசூல் திரும்பி வர வேண்டும். போகிற பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வருகிற பாதை அடைபட்டால் கடை நொடித்து விடும். மைக் செட் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வசூல் பாதைக் கோளாறுகள்தான். பாசிட்டிவ் ஒயரைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறவர்கள், எர்த் ஒயரைக் கையில் கிடைத்த போல்ட்டில் சுற்றி விடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம்

கணக்கு நமக்குப் புதிதல்ல. 60 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் ஒன்று முழுச் சத்தத்தில் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 தானே என்று கேட்கலாம். ஆம்ப்ளிபயர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் சத்தமாக மாறுவதில்லை. ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது.

1 சதுர மி.மீ. செம்பு ஒயர், மீட்டர் ஒன்றுக்கு 0.017 ஓம் தடை உள்ளது. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே சுமார் 1.4 வோல்ட் தொலைந்து போகும். 12.5 வோல்ட் கிளம்பினால் 11.1 வோல்ட்தான் போய்ச் சேரும். சத்தம் கரகரப்பதற்கு இதுவே போதும். அதே இடத்தில் 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கி விடும்.

இனி எர்த்துக்கு வருவோம். துருப்பிடித்த போல்ட்டில் எர்த் ஒயரைச் சுற்றியிருக்கிறோம். அந்த இணைப்பில் கால் ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் 2.5 வோல்ட் போய்விடும். போகிற வோல்ட் சும்மா போகாது. 25 வாட்ஸ் சூடாக அந்த இடத்திலேயே தங்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அப்படி ஒன்றைச் சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வண்டி ஓட்டுவோமா?

மரக்காணத்து உப்பு

நமது பகுதிக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. மரக்காணம் உப்பளங்கள் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. உப்பு ஏற்றாத மளிகை வண்டி இங்கே ஏது? சாக்கிலிருந்து சிந்திய உப்பு, பாடியின் பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல் விழுகிறது. கல்லுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் என்பதை மளிகைக் கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கசிவு இரும்பும் செம்பும் சேருகிற இடத்தில் இறங்கினால் இரும்பு துருவேறும்; செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கடை எர்த் பள்ளத்துக்கு நன்மை செய்கிற உப்பு, வண்டி எர்த்துக்குப் பகையாகிறது. கடற்கரைச் சாலையில் தினம் ஓடுகிற வண்டிகளுக்கும் மீன் பெட்டி ஏற்றுகிற வண்டிகளுக்கும் இதே கதைதான்.

எங்களுக்கு உப்பு கொண்டுவரும் வண்டி ஒன்றில் மைக்கில் குரல் உயரும் போதெல்லாம் டேஷ்போர்டு விளக்கு மங்கியது. ஆம்ப்ளிபயர் கெட்டுவிட்டது என்று மாற்றினார்கள். பிறகு பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு செலவுக்குப் பிறகும் விளக்கு மங்குவது நிற்கவில்லை. கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் பாடிக்கு அடியில் படுத்து, எர்த் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். வாஷருக்கு அடியில் துருப் பொடி ஒரு அடுக்காக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் வைத்து முடுக்கினார். அதோடு சரியாயிற்று. போல்ட்டுக்கும் லக்குக்கும் ஆன செலவு ஒரு டீ, வடைச் செலவு.

எர்த் போடும் முறை

எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

1. எர்த் ஒயர், பாசிட்டிவ் ஒயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன் இருக்க வேண்டும். போகிற கரண்ட் அத்தனையும் திரும்பி வர வேண்டும் அல்லவா? 60 வாட்ஸ் செட்டுக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் தாராளம்.

2. பேட்டரியின் நெகட்டிவ் பட்டை சேஸிஸில் எங்கே முடுக்கப்பட்டிருக்கிறதோ, அதற்குப் பக்கத்திலேயே எர்த் எடுக்க வேண்டும். பின்பக்கத் தகரத்திலும் கதவுக் கீலிலும் ஸ்குரூ அடித்து எடுக்கக் கூடாது. தகரம் சேஸிஸோடு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

3. நேராகப் பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். பேட்டரியின் பெரிய எர்த் பட்டை என்றாவது தளர்ந்தால், செல்ப் மோட்டார் இழுக்கும் பெரிய கரண்ட் இந்தச் சிறிய ஒயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஒயர் எரிந்து விடும். சில புதிய வண்டிகளில் நெகட்டிவ் முனையில் சென்சாரும் இருக்கிறது. ஆகவே சேஸிஸ் பக்கம் எடுப்பதே நல்லது.

4. பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே லக் வைக்க வேண்டும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பல் வாஷர் போட்டு நட்டை முடுக்கிய பிறகு, மேலே கிரீஸோ வாசலினோ தடவ வேண்டும். முடுக்குவதற்கு முன் பெயின்ட் அடிப்பதும், முடுக்கிய பிறகு ஒன்றும் தடவாமல் விடுவதும் இரண்டுமே தவறு.

5. ஒயர் முனையை லக்கில் வைத்து அதற்குரிய கருவியால் நசுக்க வேண்டும். வெறும் முறுக்கும் டேப்பும் வண்டி குலுங்கலில் ஆறு மாதம் தாங்காது.

6. எந்த வேலைக்கு முன்பும் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் பெரிய பொறி பறக்கும். குழாய் ஒலிபெருக்கிக்குக் கேரியர் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரியைக் கழற்றிவிட்டே வைக்க வேண்டும்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

செட்டோடு ஒரு பியூஸ் வருகிறதே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காப்பாற்றும், ஒயரைக் காப்பாற்றாது. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிபயர் வரை வருகிற பாசிட்டிவ் ஒயர் சேஸிஸ் விளிம்பில் உரசி, ரப்பர் அறுந்து இரும்பில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். நடுவில் பியூஸ் இல்லாததால் ஒயர் முழு நீளமும் பழுத்து எரியும். ஆகவே பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். கடையின் கல்லாப் பெட்டிக்குப் பூட்டு கல்லாவில்தானே இருக்கும்?

மேலே சொன்ன 60 வாட்ஸ் செட்டுக்கு 15 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். கத்தி வடிவப் பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் தாளைச் சுற்றி வைப்பதும், கம்பியைச் செருகுவதும் நோயை விட்டு நாடியை அறுப்பது போல. பியூஸ் போகிறதென்றால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

சேஸிஸ் துளை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் புஷ் போட வேண்டும். சைலன்சர் பக்கமும் டீசல் குழாய் பக்கமும் ஒயர் போகக் கூடாது. அடிக்கு ஒரு கிளிப் போட்டு நிறுத்த வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 வண்டிகளில் கம்ப்யூட்டர் ஒயர்கள் அதிகம். கண்ட ஒயரைச் சீவி அதில் கரண்ட் எடுத்தால் என்ஜினே நிற்கக் கூடும், வாரண்டியும் கேள்விக்குள்ளாகும்.

விசில் சத்தம் ஏன் வருகிறது?

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு விசில் ஏறுவதும், விட்டால் இறங்குவதும் பலருடைய வண்டியில் உண்டு. ஆல்டர்நேட்டரின் இரைச்சல் செட்டுக்குள் நுழைகிறது என்பதற்கு இது அடையாளம். பாட்டுப் பெட்டியின் எர்த் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு இடத்திலும், ஆம்ப்ளிபயரின் எர்த் பின்பக்கம் வேறொரு இடத்திலும் இருந்தால், இரண்டு இடத்துக்கும் நடுவே மிகச் சிறிய வோல்ட் வித்தியாசம் உண்டாகும். அந்த வித்தியாசம் பாட்டு வருகிற மெல்லிய ஒயரின் உறை வழியாக ஓடும்போது விசிலாகக் கேட்கிறது.

மருந்து எளிது. எல்லாக் கருவிகளின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் சேர்க்க வேண்டும். பாட்டு ஒயர் ஒரு பக்கமும் பேட்டரி ஒயர் மறு பக்கமுமாகப் போக வேண்டும். ஆம்ப்ளிபயரின் தகரப் பெட்டி வண்டி இரும்பில் படாமல் பலகை மேல் நிற்க வேண்டும். மலிவான செல்போன் சார்ஜராலும் இரைச்சல் வரும். அதைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

லாரிக்காரர்கள் கவனத்துக்கு

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். சென்னை, திருச்சி என்று இரவு முழுவதும் ஓட்டும் டிரைவருக்குப் பாட்டுப் பெட்டி துணை. பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. ஒரு பேட்டரி கூடுதலாக உழைக்கிறது. ஆனால் சார்ஜ் ஆகும்போது இரண்டுக்கும் ஒரே அளவு கரண்ட்தான் போகிறது. உழைத்த பேட்டரி நிரம்பாமல் கெடுகிறது. உழைக்காத பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றிக் கெடுகிறது. இரண்டு பங்காளிகளில் ஒருவரே முதல் போட்டு, லாபத்தைச் சரிபாதி பிரித்தால் கடை எத்தனை நாள் ஓடும்? 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் இரண்டு பேட்டரியும் பிழைக்கும்.

என்ஜினை நிறுத்திவிட்டு மைக் ஓட்டினால்

சந்தைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, டீசல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் மைக் ஓட்டுகிறோம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் சராசரி 5 ஆம்பியர் இழுத்தால், கணக்குப்படி 7 மணி நேரம். ஆனால் பாதிக்கு மேல் இறங்கினால் செல்ப் எடுப்பது நிச்சயமில்லை. பேட்டரியின் ஆயுளும் குறையும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று கொள்ளலாம்.

மழைக்குப் பிறகு

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நாம் மறக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் கடைகளோடு வண்டிகளும் வெள்ளத்தில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் செல்ப் அடித்துப் பார்த்து, ஓடுகிறது என்று விட்டுவிடுவது போதாது. ஒயரின் வெட்டிய முனை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி, வெளியே தெரியாமல் செம்பை மாதக்கணக்கில் அரிக்கும். தண்ணீரில் நின்ற வண்டியில் எல்லா எர்த் போல்ட்டுகளையும் கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டும். பியூஸ் பெட்டியைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். பச்சை படிந்த ஒயரை மாற்ற வேண்டும்.

எலியும் நம் தொழிலுக்குக் கூடப் பிறந்தது. பருப்பு, அரிசி வாசத்துக்கு வண்டிக்குள் வருகிற எலி ஒயரைக் கடிக்காமல் போகாது. இரவில் வண்டியை நிறுத்தும் முன் பாடியைக் கூட்டிவிடுவது ஒயருக்கும் நல்லது.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு பக்கத்தில் நாமாகவே அணைத்து விடுவது மரியாதை.

இன்ஷூரன்ஸில், வண்டிக் கம்பெனி கொடுத்தது தவிர நாம் பொருத்திய மின்சாதனங்களை மதிப்புக் குறித்துத் தனியே சேர்த்தால்தான் அவற்றுக்கு நஷ்டஈடு கேட்க முடியும். மின்கோளாறால் ஒரு பொருள் தானாகப் பழுதாவதற்கு வண்டி பாலிசியில் பணம் கிடையாது. செட் பொருத்திய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

மாதம் ஒரு முறை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, இருப்பு எடுப்பது போல வண்டியையும் ஒரு முறை பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால், செட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் ஆம்ப்ளிபயரின் எர்த் முனையிலும் மீட்டர் முட்களை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் வசூல் பாதை சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள், கால் மணி நேரம் ஓடவிட்டு, செட்டை அணைத்த பிறகு ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கிற இடத்தில் குற்றம் இருக்கிறது.

நல்ல செம்பு ஒயர், பியூஸ் பெட்டி, லக், கூலி எல்லாம் சேர்த்தாலும் ஒரு மூட்டைச் சர்க்கரையின் விலை ஆகாது. வண்டியை மறுபடி ரோட்டுக்கு எடுக்கும் முன், எர்த் ஒயர் எங்கே முடிகிறது, பேட்டரி பக்கம் பியூஸ் இருக்கிறதா என்ற இரண்டையும் டிரைவரைக் கூட வைத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள். சங்க உறுப்பினர்கள் தம் வண்டியோடு பக்கத்துக் கடைக்காரர் வண்டியையும் பார்த்துச் சொன்னால், தெருவுக்கே நன்மை.